அக்காவின் முகம், அம்மாவின் முகம்

சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. சிங்கப்பூரில், அங் மோ கியோவில் அக்கா வீட்டுக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். வாங்கி வைத்த பராட்டா ஆறிக்கொண்டிருந்தது. அக்கா தே சி என்கிற பால் தேநீர்க் குவளைக்குள் கரண்டியை விட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அடுத்த மாசம் ஃபேஸ்லிஃப்ட் ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். ரெண்டு வாரம் நீ வந்து என்கூட இருக்கணும். வேற யார்கிட்டயும் சொல்லல."

"எதுக்கு?" என்றேன்.

அக்கா பதில் சொல்லவில்லை. பராட்டாவைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துத் தின்றாள். பேச்சு அவள் மகன் பக்கம், சிட்னி குளிர் பக்கம் என்று போய்விட்டது. ஆனால் அந்த "எதுக்கு" இன்று வரை என்னை விடவில்லை. பதில் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு நான் அதைக் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், அது கேள்வி வடிவில் வெளியே வந்தது. 63 வயதில், தனக்கென்று முதன்முறையாகப் பெரிதாக ஒன்று செய்துகொள்ளப் போகும் அக்காவிடம்.

அடுத்த சில நாட்கள் போனில் காரணங்களை அடுக்கினேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாய், மயக்க மருந்து ஒத்துக்கொள்ளுமா? 28,000 வெள்ளி, அதற்கு மேல் ஜிஎஸ்டி 9 விழுக்காடு. அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சை என்பதால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து ஒரு காசும் எடுக்க முடியாது. இதற்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு கொடுக்க வேண்டிய கடமை முதலாளிக்கும் கிடையாது. அக்கா ஓய்வு வயதுக்குப் பிறகு ஒப்பந்தத்தை நீட்டித்து ஒரு கப்பல் நிறுவன அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். சேர்த்து வைத்திருந்த ஆண்டு விடுப்பில் 18 நாள் போயிற்று. நான் சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆனால் என் பிடிவாதத்துக்கு அவை காரணமும் இல்லை.

உண்மையான காரணம் அக்காவின் தாடை. அம்மா போன பிறகு, அக்காவின் வாயோரத்திலிருந்து தாடைவரை இறங்கும் மடிப்பு அம்மாவுடையது போலவே ஆகிவந்தது. கன்னம் லேசாகத் தொங்கி, கழுத்தில் இரண்டு நரம்புக் கோடுகள் விழுந்து, அப்படியே அம்மா. அக்கா எதிரே உட்கார்ந்தால் எனக்கு அம்மாவைப் பார்த்த ஆறுதல். அதை ஒருவர் கத்தி வைத்து எடுத்துவிடப் போகிறார். இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? ரத்த அழுத்தம், பணம் என்று வேறு எதையெதையோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

சேலையும் உள்பாவாடையும்

மருத்துவரைத் தேடியதை அக்கா நிதானமாகவே செய்திருந்தாள். முதலில் போன ஓர் இடத்தில் மருத்துவர் பத்து நிமிடம் பார்த்தாராம். மீதி முக்கால் மணி நேரம் ஆலோசகர் என்ற பெயரில் ஒரு பெண் உட்கார்ந்து, இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் விலை குறையும் என்று பேசியிருக்கிறாள். அக்கா எழுந்து வந்துவிட்டாள். சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் ஒரு மருத்துவரின் பெயரைத் தட்டினால் அவர் எந்தத் துறையில் நிபுணராகப் பதிவு செய்திருக்கிறார் என்று தெரியும். ‘அழகியல் மருத்துவர்’ என்று பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதும், பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணராகப் பதிவாகியிருப்பதும் ஒன்றல்ல. இதைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. யாராக இருந்தாலும் முன்பணம் கட்டுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது மருத்துவரிடம் நானும் போனேன். அவர் அக்கா கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்து, எது உறுத்துகிறது என்று காட்டச் சொன்னார். அக்கா இரண்டு விரலால் தாடையோரத்தை மேலே தள்ளிக் காட்டினாள். எதெல்லாம் மாறாது என்பதை அவர் முதலில் சொன்னார். கண் இமை மாறாது, நெற்றி மாறாது, மேலுதட்டுக் கோடுகள் மாறாது, தோலின் நிறமோ புள்ளிகளோ மாறாது. தாடையும் கழுத்தும் மாறும், கன்னம் ஓரளவு மாறும். அதற்குப் பிறகும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

தோலை இழுத்துத் தைப்பதுதான் ஃபேஸ்லிஃப்ட் என்று நான் நினைத்திருந்தேன். தொடக்க காலத்தில் அப்படித்தான் செய்தார்களாம். தோல் ரப்பர் மாதிரி, இழுத்தால் மறுபடி தளர்ந்துவிடும். தளரும்வரை முகம் பலத்த எதிர்க்காற்றில் நிற்பது போல விறைப்பாகத் தெரியும். தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, முகத் தசைகளோடு சேர்ந்து ஒரு படலம் இருக்கிறது. 1976இல் மிட்ஸ், பெரோனி என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் அதை விளக்கி எழுதினார்கள். மருத்துவர்கள் அதை ‘ஸ்மாஸ்’ என்கிறார்கள். இப்போது தூக்கிக் கட்டுவது இந்தப் படலத்தைத்தான். தோல் அதன்மேல் தளர்வாகப் படிந்துகொள்ளும், மிஞ்சியதை மட்டும் வெட்டி எடுப்பார்கள். சேலை கட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். உள்பாவாடை நழுவிவிட்டால் மேலே கொசுவத்தை எவ்வளவு இழுத்துச் செருகினாலும் நிற்காது. உள்நாடாவை இறுக்க வேண்டும்.

வெட்டு பொட்டுப் பக்கத்து முடிக்குள் தொடங்கி, காதின் முன்புறமாக இறங்கி, காது மடலைச் சுற்றிப் பின்னால் போய், பிடரி முடிக்குள் மறைகிறது. நம் தோலில் தழும்பு தடிக்கும் வாய்ப்பு கூடுதல். அதனால் அவர் அக்காவின் புஜத்தில் காசநோய்த் தடுப்பூசி போட்ட வடுவைப் பார்த்தார். காது குத்திய இடத்தைத் தடவிப் பார்த்தார். மார்பில் பழைய வடு ஏதும் தடித்திருக்கிறதா என்று கேட்டார். ரத்த அழுத்த மாத்திரையை விடக் கூடாது. மீன் எண்ணெய் மாத்திரையும் வைட்டமின் ஈயும் இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், இரண்டும் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியவை. புகைபிடிக்கிறவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட்டாக வேண்டும், இல்லையென்றால் காதுக்குப் பின்னால் தோல் கருகிப்போகும் ஆபத்து உண்டு. அக்காவிடம் அந்தப் பழக்கம் இல்லை.

முதல் மூன்று நாட்கள்

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை அறுவை நடந்தது. ஐந்து மணி நேரம். அன்றிரவு மருத்துவமனையில் தங்கினாள். தலையைச் சுற்றி, தாடைக்கு அடியிலும் வெள்ளைக் கட்டு. காதுக்குப் பின்னாலிருந்து இரண்டு மெல்லிய வடிகுழாய்கள், நுனியில் சின்னக் குடுவைகள், அதில் செந்நீர். முதல் 24 மணி நேரத்தில் எல்லோரும் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: தோலுக்கு அடியில் ரத்தம் கட்டிக்கொள்வது. இந்த அறுவையில் அதிகமாக வரும் சிக்கலும் அதுதான், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதல். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, இறுக்கமும் வலியும் கூடினால் உடனே கூப்பிட வேண்டும் என்று தாதி என்னிடம் இரண்டு முறை சொன்னார். அக்காவிடம் சொல்லவில்லை. கட்டுக்குள் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும். நான் இரவெல்லாம் மணிக்கொரு முறை எழுந்து இரண்டு கன்னத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

மறுநாள் குழாய்களை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வலி நான் நினைத்த அளவு இல்லை. அக்காவுக்கு அதைவிடத் தொல்லையாக இருந்தது இறுக்கம். "தலையைச் செம்புக்குள்ள விட்ட மாதிரி இருக்கு" என்றாள். வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. கஞ்சி, பருப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்த இடியாப்பம், ரசம் சோறு. உப்பு கூடினால் வீக்கமும் கூடும் என்பதால் ஊறுகாய் பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மூன்று தலையணை அடுக்கி, சாய்ந்தபடி மல்லாந்துதான் தூங்க வேண்டும். குனியக் கூடாது. முக்கக் கூடாது, வலி மாத்திரை மலச்சிக்கல் தரும் என்பதால் அதற்கும் ஒரு மருந்து கொடுத்திருந்தார்கள். வீக்கம் இரண்டாம் நாளைவிட மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போனது. கண்கள் சிறுத்துப்போய், தாடை இருந்த இடமே தெரியவில்லை. நீலமும் மஞ்சளுமாக ரத்தக்கன்றல் கன்னத்திலிருந்து கழுத்து வழியாக மார்பு வரை இறங்கியது. இறங்கித்தான் போகும் என்று முன்பே சொல்லியிருந்தும் பார்க்க மனசு பதறியது.

எதிர்வீட்டு மக்சியிடம், அதாவது மலாய் அத்தையிடம், பல் அறுவை என்று சொல்லி வைத்திருந்தோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை மதியம் வாசல் கிரில்லில் ஒரு ஃபிளாஸ்க் தொங்கியது. உள்ளே ஹாருவான் சூப். நம் விரால் மீன்தான். அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புண் ஆற என்று இங்கே எல்லா இனத்தவரும் அதைக் கொடுப்பது வழக்கம். அக்கா அதை உறிஞ்சு குழாய் வழியாகக் குடித்துவிட்டு, மக்சியிடம் பொய் சொன்னதற்காக ரொம்ப வருத்தப்பட்டாள்.

நான்காம் நாள்

திங்கட்கிழமை தலைக்குக் குளிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு அக்காவை உட்கார வைத்தேன். குழந்தைகளுக்கான ஷாம்பு. தண்ணீர் வெதுவெதுப்பாக மட்டும் இருக்க வேண்டும். கன்னமும் காதும் மரத்துக் கிடப்பதால் சுட்டாலும் அவளுக்குத் தெரியாது, தோல் வெந்துபோகும். முழங்கையை நனைத்துச் சூடு பார்த்துவிட்டு ஊற்றினேன். காய்ந்த ரத்தம் முடியோடு ஒட்டித் துரு மாதிரி இருந்தது. விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கினேன். தரையில் தண்ணீர் செம்பழுப்பாக ஓடி, அப்புறம் வெளிறியது. பிடரி முடிக்குள் உலோகப் பின்கள் வரிசையாக, பாவாடை ஜிப்பைத் தொடுவது போலத் தட்டுப்பட்டன. காதுக்கு முன்னால் இருந்த தையலோ மயிரிழை அளவுதான். அவ்வளவு பெரிய வேலைக்கு அவ்வளவு சின்னக் கோடு.

"அம்மாவுக்கும் இப்படித்தான்," என்றாள் அக்கா, கண்ணை மூடியபடியே. "முழங்கைல சூடு பார்த்துட்டுத்தான் ஊத்துவேன்."

துவட்டிவிட்டு எழுப்பினேன். அவள் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைக் கையால் துடைத்தாள். கட்டு இல்லாமல் தன் முகத்தை அன்றுதான் முழுசாகப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே நின்றவள், மெதுவாகச் சிரித்துப் பார்த்தாள். கீழுதட்டின் வலது பக்கம் இறங்கியது. இடது பக்கம் இறங்கவில்லை. வாய் கோணிக்கொண்டது.

"அம்மா வாய்," என்றாள். கால் தளர்ந்து அந்த முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது இடது பக்கம். மூன்று வருடம் படுக்கையில், அக்கா வீட்டில். நான் பொங்கோலில் இருக்கும் என் வீட்டிலிருந்து சனி ஞாயிறு வந்துவிட்டுப் போவேன்.

"நீ வரும்போதெல்லாம் நான் அம்மாவுக்கு முகம் கழுவி, தலை சீவி, பொட்டு வச்சு உக்கார வச்சிருப்பேன். நீ பார்த்தது அந்த முகத்தை. ராத்திரி மூணு மணிக்கு வாயோரம் எச்சில் ஒழுக, நான் யாருன்னே தெரியாம என்னைப் பார்த்துக் கத்தின முகம் ஒண்ணு இருக்கு. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மா போனதுலேருந்து தினமும் லிஃப்ட் கண்ணாடில அதுதான் நிக்குது. ஆபீஸ்ல ஒருத்தி தினமும் கேக்குறா, ராத்திரி தூங்கலையான்னு. எனக்கு அழகெல்லாம் வேணாம்டி. அந்த முகம் வேணாம், அவ்வளவுதான்."

அக்கா அழுதாள். அழுதால் முகம் இன்னும் வீங்குமே, ரத்த அழுத்தம் ஏறுமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சொல்லவில்லை. ஈரத் துண்டோடு அவள் தலையை என் வயிற்றோடு சாய்த்துக்கொண்டேன், காது படாமல்.

நான் பொக்கிஷம் போலப் பார்த்துக்கொண்டிருந்த அதே மடிப்பைத்தான் அவள் தினமும் பயந்து பயந்து பார்த்திருக்கிறாள். எங்களுக்குள் எட்டு வயது வித்தியாசம். ஒரே அம்மா. ஆனால் கடைசி மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த அம்மா, அக்கா தயார் செய்து கொடுத்த அம்மா. அந்தத் திங்கட்கிழமை வரை இது எனக்குத் தெரியாது. கோப்பிக்கடையில் நான் "எதுக்கு" என்று கேட்டபோது, அவள் இதை எப்படிச் சொல்லியிருக்க முடியும்? சொன்னால் அம்மா முகத்தையே வேண்டாம் என்கிறாள் என்று ஆகிவிடுமே.

மறுநாள் காலை மருத்துவரைப் பார்த்தோம். புருவத்தைத் தூக்கச் சொன்னார், கண்ணை இறுக்கி மூடச் சொன்னார், கன்னத்தை ஊதச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். தாடையோரமாக ஓடும் ஒரு மெல்லிய நரம்புக்கிளை கீழுதட்டை இறக்கும் தசைக்குப் போகிறது. அறுவையின் இழுப்பிலும் வீக்கத்திலும் அது அடங்கிப்போயிருக்கிறது. அறுபட்டிருக்கும் என்று நினைக்க எதுவும் தெரியவில்லை, பெரும்பாலும் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் திரும்பும் என்றார். பக்கவாதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அக்கா கேட்காமலே விளக்கினார். ஐந்தாம் வாரம் வரை அக்கா வாயை மூடியே சிரித்தாள். ஆறாம் வாரம் உதடு நேராகிவிட்டது. நிரந்தரமாகப் பாதிப்பது அபூர்வம் என்றாலும் நடப்பதுண்டு. கையெழுத்துப் போடும் தாளில் அந்த வரியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டுப் போடுங்கள்.

மற்ற நாட்களில் சொல்வதற்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. ஏழாம் நாள் காதுக்கு முன்னால் இருந்த தையலைப் பிரித்தார்கள், பன்னிரண்டாம் நாள் பின்களை எடுத்தார்கள். இரண்டாம் வாரம்தான் மனசுக்கு மோசம். உடம்பு தேறிவிட்டது, முகம் இன்னும் தன் முகமாக இல்லை, வெளியே போகவும் முடியாது. தப்புப் பண்ணிட்டேனோ என்று அக்கா மூன்று நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பலருக்கும் இப்படி வரும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் நான் வாதாடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டினேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு போனால் இந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் அதன் கயிறு சரியாகத் தையல் மேல்தான் உட்காரும். காதில் மாட்டாமல் தலைக்குப் பின்னால் கட்டுவதை வாங்கிக்கொள்ளுங்கள். நம் வெயிலில் தழும்பு சீக்கிரம் கறுத்துவிடும், தினமும் சன்ஸ்கிரீன் வேண்டும். தலைச்சாயத்துக்கு ஆறு வாரம் காத்திருந்தாள். வேலைக்குப் போன முதல் நாள் அந்த அலுவலகத் தோழி கேட்டாளாம், லீவுல நல்லாத் தூங்குனியா என்று.

கூடப் போய் இருக்கப்போகிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வீக்கம், மாத்திரை, கஞ்சி எல்லாம் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். ‘எதுக்கு’ என்பதை மட்டும் அறுவைக்கு முன்பே, பதில் கேட்கும் மனசோடு கேளுங்கள். நான் நான்காம் நாள் குளியலறையில் தெரிந்துகொண்டதைப் பிப்ரவரியிலேயே தெரிந்துகொண்டிருந்தால், அக்கா அந்த ஒரு மாதத்தைத் தனியாகக் கடந்திருக்க மாட்டாள்.

காது மட்டும் இன்னும் சரியாகவில்லை. காது மடலுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு கழுத்து வழியாக மேலே வருகிறது, இந்த அறுவையில் அதிகம் அடிபடுவது அதுதான். மாதங்கள் ஆகும், சிலருக்குக் கொஞ்சம் மரப்பு தங்கியே விடும். ஜூன் மாதம் எம்ஆர்டி ரயிலில் ஒரு பக்கத் தோடு கழன்று விழுந்தது அக்காவுக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கிறது.

டிசம்பரில் சிராங்கூன் சாலையில் பெருமாள் கோவிலில் எங்கள் சித்தி பேரனுக்குக் கல்யாணம். காலை ஐந்து மணிக்கு அக்கா வீட்டில் கிளம்பிக்கொண்டிருந்தோம். பட்டு கட்டி முடித்து, அலமாரியிலிருந்து ஒரு சிவப்பு டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். அம்மாவின் ஏழு கல் வைரத்தோடு. அம்மா போன பிறகு அவள் அதைத் தொட்டதில்லை. கட்டிலில் உட்கார்ந்து காதைக் காட்டினாள். மடலுக்குப் பின்னால் அந்தக் கோடு, இன்னும் கொஞ்சம் கறுப்பாக, நூல் அகலத்துக்கு. தோட்டைச் செலுத்தித் திருகைப் போட்டேன்.

"இறுக்கமா இருக்கா? எனக்குத் தெரியல."

"இரு," என்று இன்னும் அரைச் சுற்று சுற்றினேன். "வலிச்சா சொல்லு."

"வலிக்காது. நீ பார்த்து இறுக்கு."